ஜூன் வந்தா ஐ.டி. அண்ணனுக்கு ஒரு போன்: ‘எந்த காலேஜ்ல சி.எஸ். போடலாம்?’

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. சென்னையில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. இன்னும் போர்வைக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் இளைஞருக்கு ஊரிலிருந்து போன் வருகிறது.

“தம்பி, தூங்கிட்டிருக்கியாப்பா?”

“இல்ல சித்தி, சொல்லுங்க.”

“பாப்பாவுக்கு கட்-ஆஃப் 177 வந்திருக்கு. சி.எஸ். தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. சித்தப்பா பக்கத்து காலேஜ்லயே ஏதாவது போடலாங்கிறாரு. எந்த காலேஜ்னு நீதான்யா சொல்லணும். உனக்குத்தான் அந்த லைன் தெரியும்.”

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததிலிருந்து கவுன்சிலிங் முடியும் வரை தமிழ்நாட்டில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த போன் வரும். வீட்டில் முதன்முதலாக லேப்டாப் பையோடு வேலைக்குப் போனவர் என்பதால், அவர் சொல்வது வேதவாக்கு. சித்தப்பா அரை நாள் யோசிப்பார். பிறகு, ‘அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று கையெழுத்துப் போடுவார்.

சிக்கல் என்னவென்றால், அந்த அண்ணனுக்குத் தெரிந்தது அவர் படித்த கல்லூரியும், அவர் சேர்ந்த வருடத்து நிலவரமும்தான். ஏழெட்டு வருடத்தில் இந்தச் சந்தை தலைகீழாக மாறிவிட்டது. பழைய ஞாபகத்தில் சொல்லப்படும் ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தின் நாலு வருடச் சம்பாத்தியத்தையும் ஒரு பெண்ணின் நாலு வருடத்தையும் தப்பான இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடலாம். அதனால் ‘இந்த காலேஜ் போடுங்க சித்தி’ என்று உடனே சொல்லாமல், ‘ரெண்டு நாள் டைம் கொடுங்க’ என்று கேட்பவர்தான் நல்ல அண்ணன். அந்த ரெண்டு நாளில் என்ன பார்க்க வேண்டும்?

போர்டு மாறியிருக்கு, பாடம்?

பத்து வருடத்துக்கு முன்பு கணினி படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டே பெயர்: பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.டெக். ஐ.டி. இன்று விருப்பப் பட்டியலைத் திறந்தால் ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங், சைபர் செக்யூரிட்டி, இன்டர்நெட் ஆஃப் திங்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று நீள்கிறது. பிளஸ் 2 முடித்த பிள்ளைக்கு இதில் எதை எடுப்பது என்று குழப்பம் வருவது இயல்பு.

உண்மையில் இவற்றின் அடித்தளம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் வருடத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், அடிப்படை நிரலாக்கம். அடுத்த இரண்டு வருடங்களில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், அல்காரிதம். இந்த ஐந்தும் எந்தப் பெயர்ப் பலகையின் கீழும் ஏதோ ஒரு அளவில் வரும். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் பிரிவில் புள்ளியியலும் மெஷின் லேர்னிங்கும் கொஞ்சம் கூடும். சைபர் செக்யூரிட்டியில் குறியாக்கமும் பாதுகாப்பும் கூடும். மற்றபடி, இன்டர்வியூவில் கேட்கப்படும் கேள்விகள் அந்த ஐந்திலிருந்துதான் வரும் என்பது போன் எடுக்கும் அண்ணனுக்கே தெரியும்.

அதனால் முதல் விதி இது: கம்ப்யூட்டர் குடும்பத்துக்குள் பெயரைத் துரத்தக் கூடாது. நல்ல கல்லூரியில் ஐ.டி. கிடைக்கிறது, சுமாரான கல்லூரியில் சி.எஸ்.இ. கிடைக்கிறது என்றால், யோசிக்காமல் நல்ல கல்லூரியின் ஐ.டி.தான். ‘சி.எஸ்.இ.-ன்னு சர்டிஃபிகேட்ல இருந்தாத்தான் வேலை’ என்பது ஊர்ப் பேச்சு. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் மெக்கானிக்கல், சிவில் படித்தவர்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்திருக்கின்றன. ஐ.டி.க்கும் சி.எஸ்.இ.க்கும் இடையில் அவை வித்தியாசம் பார்ப்பதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அரசு வேலை மனதில் இருந்தால், புதிய பெயர் கொண்ட பட்டங்களில் கவனம் தேவை. அரசுப் பணிக்குக் கேட்கப்படும் பட்டத்துக்கு இது சமமானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. நாலு வருடம் கழித்து ‘சமநிலை’ சான்றுக்காக அலைவது பெரிய வேதனை.

48 பேர் எங்கே?

2024-25 கல்வியாண்டிலிருந்து ஏ.ஐ.சி.டி.இ. ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஒரு பாடப்பிரிவில் அதிகபட்சம் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பு, தகுதியுள்ள கல்லூரிகளுக்கு நீக்கப்பட்டது. கிராக்கி எங்கே இருக்கிறதோ அங்கே இடங்கள் கூடின. கிராக்கி இருப்பது கம்ப்யூட்டர் பிரிவுகளில்தான். மெக்கானிக்கல், சிவில் இடங்களைக் குறைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இடங்களைக் கூட்டிய கல்லூரிகள் பல.

இடத்தைக் கூட்ட ஒரு விண்ணப்பமும் சில கட்டடங்களும் போதும். வாத்தியாரைக் கூட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

ஏ.ஐ.சி.டி.இ. கணக்குப்படி 20 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர் வேண்டும். (2018-க்கு முன்பு 15 பேருக்கு ஒருவர் என்று இருந்தது.) ஒரு கல்லூரி சி.எஸ்.இ.யில் வருடத்துக்கு 240 பேரைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நாலு வருடத்துக்கு 960 பேர். அப்படியென்றால் 48 ஆசிரியர்கள் வேண்டும். ஒரு புரொஃபசருக்கு இரண்டு அசோசியேட், ஆறு அசிஸ்டென்ட் என்ற விகிதப்படி, அதில் குறைந்தது ஐந்து பேராவது அனுபவமுள்ள புரொஃபசர்களாக இருக்க வேண்டும்.

கல்லூரி இணையதளத்தில் அந்தத் துறையின் ஆசிரியர் பட்டியல் இருக்கும். எண்ணிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். எத்தனை பேர்? எத்தனை பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்? எத்தனை பேர் போன வருடம் அதே கல்லூரியில் முதுநிலை முடித்துவிட்டு இந்த வருடம் வகுப்பெடுக்க வந்தவர்கள்?

பட்டியலை மட்டும் நம்பிவிடவும் முடியாது. 2024 ஜூலையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியரே வெவ்வேறு கல்லூரிகளின் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்ட விவகாரத்தை அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. காகிதத்தில் இருக்கும் ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா என்பதை அங்கே படிக்கும் பையனோ பெண்ணோதான் சொல்ல முடியும். அவர்களிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: “போன செமஸ்டர்ல உங்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் யார் எடுத்தாங்க? நடுவுல எத்தனை தடவை ஆள் மாறுச்சு?”

ஒரே செமஸ்டரில் மூன்று பேர் மாறினார்கள் என்றால், அந்தத் துறையைப் பற்றி அதற்கு மேல் கேட்க எதுவுமில்லை.

ரிசல்ட்டை எங்கே பார்ப்பது?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. செமஸ்டர் தேர்வுகளில் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பாதிப் பேர்கூடத் தேறாத கல்லூரிகளின் பெயர்களும் அதே பட்டியலில்தான் இருக்கும். கல்லூரியின் பஸ்ஸில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் இது இருக்காது.

ஒரு எச்சரிக்கை. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் தயாரித்து, தாங்களே திருத்துகின்றன. அவற்றின் 95 சதவீதத்தையும், பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் 70 சதவீதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. தன்னாட்சி என்பது நல்ல கல்லூரியின் கையில் நல்ல ஆயுதம்; பாடத்திட்டத்தைக் காலத்துக்கு ஏற்ப மாற்றலாம். மற்ற கல்லூரியின் கையில் அது மார்க்கை அள்ளிப் போடும் கரண்டி.

அங்கீகாரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. நாக் என்பது கல்லூரி முழுவதற்குமானது. என்.பி.ஏ. என்பது ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. வாசலில் ‘என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருந்தால், அது மெக்கானிக்கலுக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம். போன வருடம் தொடங்கிய ஏ.ஐ. பிரிவுக்கு அது இருக்க வாய்ப்பில்லை. இரண்டு தொகுதி மாணவர்களாவது படித்து வெளியே வந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று கேட்க வேண்டும்.

‘ஹையஸ்ட் பேக்கேஜ் 40 லட்சம்’

தேசிய நெடுஞ்சாலை நெடுக நிற்கும் பேனர்களில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது இந்த வரிதான். அது பொய்யாகவே இருக்க வேண்டும் என்றில்லை. உண்மையாக இருந்தாலும் பயனில்லை என்பதுதான் விஷயம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 பேர் படித்து முடிக்கிறார்கள். 60 பேருக்கு வேலை. ஒருவருக்கு 40 லட்சம், ஒன்பது பேருக்குத் தலா 8 லட்சம், ஐம்பது பேருக்குத் தலா மூன்றரை லட்சம். கூட்டினால் 287 லட்சம். அறுபதால் வகுத்தால் சராசரி 4.78 லட்சம். பேனரில் 40 லட்சம். கையேட்டில் ‘சராசரி 4.78 லட்சம்’. ஆனால் வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், அவர் சொல்வது மூன்றரை லட்சம்தான். மீதி 40 பேர் பேனரிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை.

இந்த நடுத்தொகைக்குப் பெயர் ‘மீடியன்’, அதாவது இடைநிலைச் சம்பளம். கேட்க வேண்டியது அதைத்தான். இதைத் தேடக் கல்லூரி ஆபீஸில் கெஞ்ச வேண்டியதில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலும் வைக்க வேண்டும். அந்தப் பி.டி.எஃப்.பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று வருடவாரியாக இருக்கும்.

இதில் இரண்டு குறைகள் உண்டு. அது கல்லூரியே கொடுக்கும் தகவல். எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துச் சொல்லும் தகவல். இருந்தாலும் பேனரைவிடப் பல மடங்கு மேல். ‘சேர்ந்தவர்கள்’ என்ற கட்டத்துக்கும் ‘உரிய காலத்தில் முடித்தவர்கள்’ என்ற கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். அந்தப் பக்கத்தையே வைக்காத கல்லூரி என்றால், மீதிக் கதையும் புரிந்துவிடும்.

இன்னொன்று, ‘500 ஆஃபர்’ என்றால் 500 பேருக்கு வேலை என்று அர்த்தமில்லை. ஒருவர் மூன்று ஆஃபர் வாங்கினால் அது மூன்றாக எண்ணப்படலாம். ‘எத்தனை ஆஃபர்’ என்று கேட்கக் கூடாது. ‘எத்தனை பேர்’ என்று கேட்க வேண்டும்.

சம்பளத்துக்கும் இ.எம்.ஐ.க்கும் நடுவில்

பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேருபவரின் தொடக்கச் சம்பளம் பத்து வருடத்துக்கு மேலாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் என்ற வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்லூரிச் செலவோ அப்படி நிற்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் குடும்பங்கள் குறைவு.

6 லட்சம் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, 7 வருடத்தில் திருப்பிக் கட்டுவது என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்றால் மாதம் 29,000. பிடித்தம் போகக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை, சாப்பாடு, பஸ் போக மிச்சத்தில் 10,000 தவணை கட்டிவிட்டு, வீட்டுக்கு என்ன அனுப்புவது? வேலை ஆறு மாதம் தள்ளிப்போனால்?

கவுன்சிலிங் வழியாக அரசு ஒதுக்கீட்டில் கிடைக்கும் இடத்தின் மதிப்பு இங்கேதான் தெரியும். 2017-ல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், என்.பி.ஏ. அங்கீகாரம் உள்ள பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. பஸ், ஹாஸ்டல் தனி. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் கவுன்சிலிங்குக்குக் கொடுக்கின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்த வளையத்துக்கு வெளியே. அங்கே கட்டணமும் வேறு, சேர்க்கையும் வேறு.

உதவிகளையும் விட்டுவிடக் கூடாது. 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை ஜூலையில் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று வாங்குவதைவிட, ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வைப்பது உத்தமம்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும், பல லட்சம் கூடுதலாகக் கட்டிப் பெரிய பெயருள்ள இடத்தில் சேர்க்கலாமா என்று கேட்டால், பதில் அந்த இடத்தின் இடைநிலைச் சம்பளத்தில் இருக்கிறது. கூடுதல் செலவுக்கு ஏற்ற கூடுதல் வருமானம் அந்த நடு மாணவருக்குக் கிடைக்கவில்லை என்றால், கட்டுவது பெயருக்கான விலை மட்டுமே.

இன்ஜினீயரிங் மட்டும்தான் வழியா?

இல்லை. ஐ.டி. வேலைக்கு பி.இ. ஒன்றே கதவு என்ற நம்பிக்கை பழையது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. இரண்டும் மூன்று வருடப் படிப்புகள். அரசுக் கலைக் கல்லூரியில் கிடைத்தால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதன் மேல் எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம். மொத்தம் ஐந்து வருடம், முதுநிலைப் பட்டம், தனியார் பொறியியல் கல்லூரிச் செலவில் ஒரு சிறு பகுதி. விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படிக்க வைக்கின்றன.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். பட்டம் இன்னொரு வழி. ஜே.இ.இ. தேவையில்லை, நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடம் ஆன்லைனில், தேர்வு நேரில். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-ல் அனுமதித்துவிட்டதால், ஊரிலுள்ள கல்லூரியில் பி.எஸ்சி. படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஆனால் இது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணிதமும் புள்ளியியலும் பிழிந்து எடுக்கும். தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் நடுவழியில் நின்றுவிடுவார்கள்.

மூன்று வருடப் பட்டத்திலும் ஒரு தடங்கல் உண்டு. அமெரிக்காவில் மேற்படிப்பு என்றால் பல பல்கலைக்கழகங்கள் நாலு வருடப் பட்டம் கேட்கும். அந்த ஆசை இருக்கும் பிள்ளை அதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுமாரான தனியார் பொறியியல் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும் பி.இ.யைவிட, நல்ல கலைக் கல்லூரியில் கடனில்லாமல் படிக்கும் பி.எஸ்சி. மேல். இதைச் சொன்னால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ‘ஊர்ல என்ன சொல்லுவாங்க’ என்ற கேள்வி வரும். ஊர் தவணை கட்ட வராது.

‘பொண்ணுதானே, பக்கத்துலயே போடுங்க’

சித்தப்பா சொன்ன ‘பக்கத்து காலேஜ்’ விஷயத்துக்கும் வர வேண்டும். அருகில் இருப்பது ஒரு குறையல்ல. தினமும் போக வர மூன்று மணி நேரம் காலேஜ் பஸ்ஸில் தூங்கி வழிவதைவிட, பத்து கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரி நல்லதாகவே இருக்கலாம். செலவும் குறையும்.

ஆனால் அருகில் இருப்பது மட்டுமே காரணமாக இருந்தால், அது பெண்களுக்கு மட்டும்தான் காரணமாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே வீட்டில் 165 கட்-ஆஃப் எடுத்த பையனைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் விடத் தயங்காதவர்கள், 177 எடுத்த பெண்ணை உள்ளூர்க் கல்லூரிக்குள் அடக்கப் பார்ப்பார்கள். நாலு வருடம் கழித்து அவளுக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்தால் எப்படியும் தனியாகத்தானே இருக்கப் போகிறாள்?

ஐ.டி.யில் வேலை பார்க்கும் அக்காக்களின் ஒரு போன் இந்த இடத்தில் ரொம்பப் பெரிய உதவி. “சித்தப்பா, நான் ஹாஸ்டல்ல இருந்துதான் படிச்சேன், ஒண்ணும் ஆகல” என்ற ஒரு வரி, பத்துத் தரவரிசைப் பட்டியலைவிட அதிகம் வேலை செய்யும்.

பட்டியல் போடும்போது பயம் வேண்டாம்

கல்லூரிகளை அலசி முடித்த பிறகு மிச்சம் இருப்பது விருப்பப் பட்டியல். இங்கேதான் நல்ல கட்-ஆஃப் வைத்திருப்பவர்களும் சறுக்குகிறார்கள்.

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 86 என்றால் 92 + 42 + 43 = 177. இந்த மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் கணினி மேலிருந்து கீழாகப் பார்க்கும். காலியாக இருக்கும் முதல் விருப்பத்தைக் கொடுத்துவிடும்.

இதன் அர்த்தம் என்ன? ‘கிடைக்காது’ என்று தோன்றும் கல்லூரியை மேலே வைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. அது கிடைக்காவிட்டால் கணினி அடுத்ததைப் பார்க்கும். அதற்காக யாரையும் தண்டிக்காது. எனவே ஆசைப்படும் வரிசையிலேயே எழுத வேண்டும். கிடைக்கும் வரிசையில் அல்ல. நஷ்டம் வருவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, பட்டியலை பத்தோடு நிறுத்திவிடுவது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் எனும்போது 60, 70 எழுதுவதில் தப்பில்லை. இரண்டு, சேரவே விரும்பாத கல்லூரியை ‘சும்மா கிடக்கட்டும்’ என்று உள்ளே வைப்பது. அது கிடைத்துவிட்டால் அழுகைதான்.

ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் தமிழ்நாட்டில் ஏராளம். ஒரு எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும். பெயரைப் பார்த்து டிக் செய்யாமல், கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து டிக் செய்ய வேண்டும். போன வருடம் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், தன்னுடைய வகுப்புப் பிரிவில் கடைசியாக எந்த கட்-ஆஃபுக்கு இடம் போனது என்பதையும் பார்க்கலாம். ஆனால் இடங்கள் கூடியிருப்பதால் அது இந்த வருடம் அப்படியே திரும்பும் என்று சொல்ல முடியாது.

இந்த நேரத்தில்தான் புரோக்கர்கள் போன் செய்வார்கள். ‘கவுன்சிலிங்ல சி.எஸ். கிடைக்காது, இப்பவே அட்வான்ஸ் போட்டா சீட் கன்ஃபார்ம்’ என்பார்கள். நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்தே இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது வராது. ரசீது இல்லாத பணம் திரும்பவும் வராது. முறைப்படி கட்டணம் கட்டிச் சேர்ந்தவர் வகுப்பு தொடங்கும் முன் விலகினால், 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. ‘ஒரிஜினலைக் கொடுத்துட்டுப் போங்க’ என்று கேட்கும் இடத்தில் இரண்டு தடவை யோசிப்பது நல்லது.

ஒரு நாள் நேரில் போய் வந்தால்

கையில் மூன்று நாலு கல்லூரி மிஞ்சியதும், ஒரு வேலை நாளில் நேரில் போய் வருவது எந்தத் தரவரிசையையும்விட நல்லது. அட்மிஷன் ஆபீஸில் ஏ.சி. அறையும் காபியும் கிடைக்கும். அங்கே தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. கேன்டீனுக்குப் போக வேண்டும். மூன்றாம் வருட மாணவர்களிடம் நாலு கேள்வி:

லேப் சாயந்திரம் திறந்திருக்குமா, இல்லை நாலு மணிக்குப் பூட்டா? இறுதி ஆண்டு புராஜெக்டைத் தாங்களே செய்கிறார்களா, புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குகிறார்களா? பிளேஸ்மென்ட் பயிற்சிக்குத் தனியாக எவ்வளவு வாங்குகிறார்கள்? தம்பி, தங்கச்சி இருந்தால் இங்கே சேர்ப்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு வரும் சிரிப்பே பல நேரம் பதில்.

‘கோடிங்கை ஏ.ஐ. எழுதிடுமே?’

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் கேள்வி இது. நாலு வருடம் கழித்து வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒன்று இப்போதே தெரிகிறது. எழுதிக் கொடுக்கப்பட்ட நிரலைப் படித்து, அது ஏன் தப்பு, எங்கே உடையும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு இருக்கிறது. மனப்பாடம் செய்து லேப் ரெக்கார்டு நிரப்பியவருக்குக் குறைகிறது. அதாவது, அடிப்படையைச் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் இருக்கும் துறைக்கும், அவர் இல்லாத துறைக்கும் இருந்த இடைவெளி இனி இன்னும் கூடும். போர்டில் ஏ.ஐ. என்று எழுதியிருப்பதால் அந்த இடைவெளி மூடாது.

ரெண்டு நாள் கழித்து அந்த அண்ணன் சித்திக்குப் போன் போடும்போது, சொல்வதற்கு ஒரு கல்லூரிப் பெயர் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. “சித்தி, அஞ்சு காலேஜ் பார்த்து வச்சிருக்கேன். வாத்தியார் எத்தனை பேர், ரிசல்ட் எவ்வளவு, நடுவுல நிக்கிற பிள்ளைக்கு என்ன சம்பளம், நாலு வருஷத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்புறேன். போனை பாப்பாகிட்ட குடுங்க, அவளும் நானும் சேர்ந்து பேசி முடிவு பண்றோம். சனிக்கிழமை வர்றேன், சித்தப்பாவையும் கூட்டிட்டு ரெண்டு காலேஜைப் போய்ப் பார்த்துட்டு வந்துரலாம்.”

படிக்கப் போவது அவள்தான். போன் அவள் கைக்குப் போன பிறகுதான் அது கல்லூரித் தேர்வு. அதுவரை அது வெறும் பெரியவர்கள் பேச்சு.